தோற்ற கட்சி தேடும் பலியாடு

அமெரிக்காவில் 2024 நவம்பர் 5ந் தேதி நடந்த தேர்தலில் டெமாக்ரடிக் கட்சி மண்ணைக் கவ்விற்று. ஜனாதிபதி பதவி போயிற்று. ஸெனட்டில் இருந்த பெரும்பான்மையும் போயிற்று. பிரதிநிதிகள் சபையும் கைக்கு எட்டவில்லை. டொனால்டு டிரம்ப் இரண்டாம் முறையாக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார்.

ஏன் இந்தத் தோல்வி? கட்சியின் பெரிய மனிதர்கள் யோசித்தார்கள். விலைவாசி ஏறியதே, அது காரணமா? ஏறிய விலைக்கு ஈடாகத் தொழிலாளியின் கூலி ஏறவில்லையே, அது காரணமா? காஸாவில் குழந்தைகளின் தலைமீது விழுந்த குண்டுகளை அனுப்பியது தங்கள் சர்க்கார்தானே, அது காரணமா? அதெல்லாம் இல்லையாம்! ஓட்டு எண்ணிக்கையின் சூடு ஆறுவதற்குள் அவர்களில் ஒரு சாரார் "உண்மைக் குற்றவாளி"யைக் கண்டுபிடித்து விட்டார்கள். அந்நாட்டு ஜனத்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவராக உள்ள திருநங்கைகளும் திருநம்பிகளும்தான் அந்தக் குற்றவாளிகள்! அவர்களுக்காகக் கட்சி அளவு மீறிப் பரிந்து பேசிவிட்டதாம். அதனால் சாமானிய மக்கள் கோபித்துக் கொண்டார்களாம்.

கமலா ஹாரிஸ் தமது பிரசாரத்தில் இதைப் பற்றி வாய் திறந்ததே அபூர்வம். ஓயாமல் பேசியவர்கள் ரிபப்ளிகன்கள். டெலிவிஷன் விளம்பரங்களில் பல கோடி டாலரைக் கொட்டி, திருநர் என்ற பூச்சாண்டியை வீட்டுக்கு வீடு காட்டியவர்கள் அவர்கள். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

கட்சித் தலைவர்கள் இப்படிப் பேசுவதில் நமக்கு ஆச்சரியமில்லை. அவர்களுக்கு ஓட்டளிக்கிற லிபரல் வாக்காளர்களில் பலரும் இதை நம்பத் தொடங்கியிருப்பதே நம்மைக் கவலைப்பட வைக்கிறது. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

யார் இந்த லிபரல் வாக்காளர்? அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம், ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கலாம். வாங்கும் சம்பளத்தில் வீட்டு வாடகையும் வைத்திய இன்ஷூரன்ஸும் போக மிச்சம் பிடிக்கத் திண்டாடுபவர். நிறவெறியை வெறுப்பவர். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மனமொத்து வாழ்ந்தால் அதில் சர்க்காருக்கும் பாதிரியாருக்கும் என்ன வேலை என்று கேட்பவர். நாலு வருஷத்துக்கு ஒரு முறை, மனமில்லாமலாவது, டெமாக்ரடிக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர். அவரை நாம் எதிரியாகக் கருதவில்லை. கேலி செய்யவும் விரும்பவில்லை.

ரிபப்ளிகன்கள் வந்தால் தன்பால் ஈர்ப்புடையோரின் உரிமைகள் பறிபோகும் என்பது அவருடைய முதல் அபிப்பிராயம். இதில் பொய்யில்லை. 2022 ஜூன் 24ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பெண்களின் கருக்கலைப்பு உரிமையை ரத்துச் செய்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஒருபால் மணத்தை அங்கீகரித்த 2015ம் ஆண்டுத் தீர்ப்பையும் மறுபடி பரிசீலிக்க வேண்டுமென்று எழுதி வைத்தார். 2025 ஜனவரி 20ந் தேதி, பதவியேற்ற அன்றே, ஆண் பெண் என இரண்டே பால்தான் உண்டு, அது மாறாது என்று டிரம்ப் உத்தரவு போட்டார். அதே ஆண்டு ஜூன் 18ந் தேதி, வயது வராத திருநர்களுக்குப் பால்மாற்ற வைத்தியம் அளிக்கக் கூடாது என்ற டென்னஸி மாநிலச் சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. ஒருபால் மணத் தீர்ப்பைக் கவிழ்க்கக் கோரி வந்த மனுவை நவம்பர் 10ந் தேதி அதே கோர்ட் ஏற்க மறுத்தது உண்மை. ஆனால் வாசலில் வந்து நின்றவனை ஒருமுறை திருப்பி அனுப்பியாயிற்று என்பதற்காக யாரும் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பதில்லை.

ஆகவே, "வீடு பற்றி எரிகிறது, கையில் கிடைத்த குடத்தால் தண்ணீர் ஊற்றுகிறேன்" என்று லிபரல் வாக்காளர் சொன்னால், குடம் ஓட்டையாயிற்றே என்று நாம் வேதாந்தம் பேசிக் கொண்டிருக்க மாட்டோம். ஊற்றட்டும்.

அவருடைய இரண்டாவது அபிப்பிராயம்தான் ஆபத்தானது. "தேர்தலில் ஜெயிக்க வேண்டுமானால் இப்போதைக்குச் சிலவற்றை விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். திருநர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் ஒருபால் மணத்தையாவது காப்பாற்றலாம். மற்றவற்றை ஜெயித்த பிறகு பார்த்துக் கொள்வோம்" என்கிறார் அவர்.

இந்தப் பாட்டை அவருடைய கட்சி எத்தனை முறை பாடியிருக்கிறது!

2004 பிப்ரவரி 12ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் மேயராக இருந்த கேவின் நியூஸம், ஆண் ஜோடிகளுக்கும் பெண் ஜோடிகளுக்கும் கல்யாண லைசென்ஸ் வழங்கச் சொன்னார். சுமார் 4,000 ஜோடிகள் மணம் செய்து கொண்டார்கள். ஆகஸ்டில் மாநில சுப்ரீம் கோர்ட் அவை செல்லாதென்று சொல்லிவிட்டது. நவம்பர் 2ந் தேதி ஜனாதிபதி தேர்தலோடு சேர்த்து 11 மாநிலங்களில் ஒருபால் மணத்துக்குத் தடை விதிக்க ஓட்டெடுப்பு நடந்தது. 11லும் தடை நிறைவேறிற்று. ஜார்ஜ் புஷ் மீண்டும் ஜனாதிபதியானார். உடனே டெமாக்ரடிக் கட்சியின் ஸெனட்டர் டயான் பெயின்ஸ்டைன், இந்த மண விஷயத்தில் அளவும் வேகமும் மிஞ்சிப் போயிற்று, அவசரப்பட்டு விட்டார்கள் என்று குறைப்பட்டார். அந்தத் தேர்தலில் கட்சியின் அபேட்சகர் யார்? ஜான் கெர்ரி. ஈராக் யுத்தத்துக்கு அதிகாரம் கொடுத்து ஓட்டளித்தவர். ஒருபால் மணத்தை அவரும் எதிர்த்தவர்தான்! எதிர்த்தும் தப்பவில்லை. யுத்தத்தை எதிர்க்காத கட்சியின் தோல்விக்கு, கல்யாணம் செய்து கொண்ட ஜோடிகள் தலையில் பழி விழுந்தது.

அன்று பழி சுமந்த நியூஸம் பிறகு கலிபோர்னியா கவர்னரானார். 2025 மார்ச்சில், வலதுசாரிப் பிரசாரகர் ஒருவரைத் தமது ஒலிபரப்புக்கு அழைத்துப் பேசியபோது, திருநங்கைகள் பெண்கள் போட்டியில் கலந்து கொள்வது நியாயமற்றது என்றார். விளையாட்டு விதிகளைப் பற்றி விவாதம் நடக்கட்டும். அது அறிந்தவர்கள் வேலை. ஆனால் டிரம்ப் அதே விஷயத்தில் உத்தரவு போட்டுச் சுமார் ஒரு மாதமே ஆன நேரத்தில், தாக்குதலுக்கு ஆளானவர்கள் பக்கம் நிற்க வேண்டியவர், தாக்குபவரின் விருந்தாளியைக் கூட்டி வைத்துக் கொண்டு தலையசைக்கிறார். 2004ல் இவரைத் தள்ளி விட்டவர்கள் சொன்ன அதே சால்ஜாப்பு!

சற்றுப் பின்னால் போவோம். 1996ம் ஆண்டு. பில் கிளிண்டன் மறுபடி தேர்தலுக்கு நிற்கிறார். திருமணம் என்றால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என்று மத்திய சர்க்காரைக் கட்டுப்படுத்தும் சட்டம் காங்கிரஸில் வருகிறது. ஸெனட்டில் ஆதரவு 85, எதிர்ப்பு 14. ஆதரித்தவர்களில் ஜோ பைடனும் ஒருவர். செப்டம்பர் 21ந் தேதி, ஊர் அடங்கிய நேரத்தில், போட்டோக்காரர்கள் யாருமில்லாமல் கிளிண்டன் கையெழுத்துப் போட்டார். வெட்கம் இருந்திருக்கிறது! ஆனால் அந்த வெட்கம் வெகுநாள் நீடிக்கவில்லை. அடுத்த மாதமே அவருடைய பிரசாரக் குழு, அந்தச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டதைப் புகழ்ந்து கிறிஸ்தவ ரேடியோ நிலையங்களில் விளம்பரம் செய்தது.

கிளிண்டன் ஜெயித்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விட்டுக் கொடுத்ததால் எதிரி ஓய்ந்தானா? எட்டே ஆண்டுகளில் புஷ், சட்டம் போதாது, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று கேட்டார். ஒரு வேலியைப் பிடுங்கிக் கொடுத்தவர்கள் அடுத்த வேலியருகே நின்று அழுதார்கள். அந்த 1996ம் ஆண்டுச் சட்டம் முழுவதுமாக நீக்கப்பட்டது எப்போது? 2022 டிசம்பர் 13ந் தேதி. நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டவர் யார்? அதே ஜோ பைடன்! 26 ஆண்டுகள். இந்த 26 ஆண்டுகளில் துணை இறந்த பிறகு வீடு இழந்தவர்கள், ஆஸ்பத்திரி வார்டுக்குள் விடப்படாதவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள், இவர்களுடைய கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

பாரக் ஒபாமாவின் கதையும் இதே ரகம். 1996ல் இல்லினாய் மாநிலத்தில் சிறிய தேர்தலில் நின்றபோது ஒருபால் மணத்தை ஆதரிப்பதாக ஒரு கேள்வித்தாளில் எழுதிக் கொடுத்தவர், 2008ல் பெரிய தேர்தலில் நின்றபோது திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்றார். 2012 மே மாதம் மீண்டும் ஆதரித்தார். மனச்சாட்சி போய் வந்ததா? இல்லை. ஓட்டுக் கணக்கு மாறிற்று.

இவற்றுக்கெல்லாம் முந்திய கதை ஒன்று உண்டு. அது நமக்கும் சம்பந்தப்பட்டது. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1947 மார்ச்சில் ஹாரி ட்ரூமன், டெமாக்ரடிக் ஜனாதிபதி, சர்க்கார் ஊழியர்களின் ராஜவிசுவாசத்தைச் சோதிக்கும் உத்தரவைப் பிறப்பித்தார். ரிபப்ளிகன்கள் தம்மைக் "கம்யூனிஸ்டுகளுக்கு இடம் கொடுப்பவர்" என்று தூற்றுகிறார்கள், அதற்கு முன் தாமே வேட்டையைத் தொடங்கி விட்டால் வாயடைத்துப் போவார்கள் என்பது அவர் கணக்கு. வாயடைத்தார்களா? 1950 பிப்ரவரியில் மெக்கார்த்தி கிளம்பினார். அதே மாதம், தன்பால் ஈர்ப்புடையோர் என்று 91 பேரை வெளியேற்றியதாக வெளிநாட்டு இலாகாவின் அதிகாரியே ஸெனட்டில் ஒப்புக் கொண்டார். உடனே கம்யூனிஸ்டு வேட்டையோடு இன்னொரு வேட்டையும் சேர்ந்து கொண்டது. சர்க்கார் உத்தியோகத்தில் இத்தகையவர்கள் எத்தனை பேர் என்று ஆராய ஸெனட்டில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. அதன் தலைவர் கிளைட் ஹோயி, வட கரோலினாவைச் சேர்ந்த டெமாக்ரட். 1953 ஏப்ரலில் ஐஸன்ஹோவர் போட்ட உத்தரவில், ராஜத்துரோகத்தோடு "பாலியல் வக்கிர"மும் உத்தியோகத்துக்குத் தகுதியின்மையாகச் சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஒரே போலீஸ், ஒரே பைல், ஒரே கேள்வி: "உன் சிநேகிதர்கள் யார்? பெயர்களைச் சொல்!"

தொழிற்சங்கங்களில் என்ன நடந்தது? மேற்குக் கரையில் கப்பல் சமையல்காரர்கள், பரிசாரகர்களின் சங்கம் ஒன்றிருந்தது. கப்பலில் மிகக் கீழான வேலை அவர்களுடையது. நீக்ரோக்களும் ஆசியர்களும் வெள்ளையரும் அதில் தோளோடு தோள் நின்றார்கள். பெண் தன்மை உடையவர்கள் என்று கப்பல் முதலாளிகள் நையாண்டி செய்த ஆண்களும் அதில் ஏராளம். அவர்களைச் சங்கம் ஒளித்து வைக்கவில்லை. இன்று சிவப்பு என்று ஒருவனைத் துரத்த விட்டால் நாளை கறுப்பு என்று துரத்துவான், மறுநாள் ஆண்மையில்லாதவன் என்று துரத்துவான் என்பதை அந்தச் சமையல்காரர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்து லிபரல்களுக்குத் தெரியாத பாடம் அது! அந்தச் சங்கத்தை 1950ல் ஸி.ஐ.ஓ. சம்மேளனம் கம்யூனிஸ்டு ஆதிக்கம் என்று சொல்லி வெளியேற்றிற்று. வெளியேற்றியவர்கள் லிபரல் தலைவர்கள். பிறகு "துறைமுகப் பாதுகாப்பு" என்ற பெயரில் அதன் அங்கத்தினர்களைக் கப்பலில் ஏற விடாமல் தடுத்தார்கள். சில ஆண்டுகளில் சங்கம் அழிந்தது. இத்தனை பலி கொடுத்தும் 1952ல் டெமாக்ரடிக் கட்சி வென்றதா? அதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் நமது இயக்கத்தின் கணக்கும் சுத்தமானதல்ல. அதை மூடி மறைத்து மற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்புடையோரின் நிலையான முதல் அமைப்புகளில் ஒன்றான மட்டஷீன் சங்கத்தை 1950ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியவர் ஹாரி ஹே. கம்யூனிஸ்டுக் கட்சியில் பல ஆண்டு உழைத்தவர். ஆனால் இத்தகையவர்களுக்குக் கட்சியில் இடமில்லை என்பது அன்றைய விதி. அவர் விலக நேர்ந்தது. (வேடிக்கை என்னவென்றால், 1953ல் அந்தச் சங்கத்துக்குள்ளேயே பயம் புகுந்து, கம்யூனிஸ்டுகளாக இருந்தவர்கள் என்று அதை ஸ்தாபித்தவர்களையே ஒதுக்கிவிட்டார்கள்!) அக்டோபர் புரட்சி ஜாருடைய பழைய சட்டத்தைத் தூக்கியெறிந்தது, 1922ம் ஆண்டு சோவியத் ரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தில் இது குற்றமாக இடம்பெறவில்லை. 1934ல் அது மறுபடி குற்றமாக்கப்பட்டது. தவறு. கியூபாவில் 1960களில் இவர்களை உழைப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெருந்தவறு. அதற்குப் பொறுப்பு தம்முடையதே என்று 2010ல் பிடல் காஸ்ட்ரோ பகிரங்கமாகச் சொன்னார். 2022 செப்டம்பர் 25ந் தேதி கியூப மக்கள் புதிய குடும்பச் சட்டத்தின் மீது ஓட்டளித்தார்கள். ஒருபால் மணத்தை அனுமதிக்கும் அந்தச் சட்டத்துக்குச் சுமார் 67 சதவீதம் ஆதரவு. செய்த தவறை யார் தலையிலும் கட்டாமல் ஒப்புக் கொள்வது எப்படி என்பதை வாஷிங்டன் கனவான்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். அதற்கும் பிரயாணத் தடை வைத்திருக்கிறார்கள்!

"கூலி, வேலை, விலைவாசி என்று எழுத வேண்டிய தொழிலாளர் பத்திரிகை இதையெல்லாம் ஏன் எழுதுகிறது?" என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக் கூடும். கூலியும் வேலையும்தான் இது!

அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளிகளைக் காரணம் சொல்லாமலே முதலாளி வேலையை விட்டு நீக்கலாம். 2015ல் ஒருபால் மணம் நாடெங்கும் சட்டப்படி ஆயிற்று. ஆனால் அதன் பிறகும், நாட்டின் பாதி மாநிலங்களுக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை மணம் செய்து கொண்டவரைத் திங்கட்கிழமை அந்தக் காரணத்தைச் சொல்லியே வேலையிலிருந்து தள்ள முடிந்தது. 2020 ஜூன் 15ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகே அது சட்ட விரோதமாயிற்று. இப்போது முதலாளி காரணத்தைச் சொல்லாமல் தள்ளுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பாதுகாப்பைச் சட்டத்திலேயே எழுதி வைக்கும் சமத்துவ மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2021ல் நிறைவேற்றிற்று. வெள்ளை மாளிகையும் இரு சபைகளும் டெமாக்ரடிக் கட்சியின் கையில் இருந்த காலம் அது. ஸெனட்டில் மசோதா செத்தது.

சங்கம் உள்ள தொழிலாளிக்குக் கதை வேறு. 1970களில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பீர் லாரி டிரைவர்களின் சங்கம், தன்பால் ஈர்ப்புடையோரின் மதுக்கடைகளிலிருந்து கூர்ஸ் கம்பெனி பீரை வெளியேற்ற ஹார்வி மில்க்கின் உதவியைக் கேட்டது. எங்கள் ஆட்களுக்கும் லாரி ஓட்ட வேலை கொடுங்கள் என்றார் மில்க். சங்கம் சம்மதித்தது, பகிஷ்காரம் பரவிற்று. 1978ல் ஜான் பிரிக்ஸ் என்ற மாநில ஸெனட்டர், இத்தகைய ஆசிரியர்களைக் கலிபோர்னியாப் பள்ளிகளிலிருந்து நீக்க ஓட்டெடுப்புக் கொண்டு வந்தபோது, ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றன. நவம்பர் 7ந் தேதி 10 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் அது தோற்றது. அன்று யாரையும் ஒதுக்கி வைத்து அந்த வெற்றி கிடைக்கவில்லை. வீடு வீடாகப் போய், "நான்தான் அந்த ஆள், உங்கள் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன்" என்று நேருக்கு நேர் நின்று சொன்னதால் கிடைத்தது.

மேலிடத்துக் காட்சியையும் பார்ப்போம். 2025 ஜனவரி 27ந் தேதி ஸெனட் ஒரு நியமனத்தை அங்கீகரித்தது. டிரம்ப்பின் நிதி மந்திரி ஸ்காட் பெஸன்ட், வால் ஸ்ட்ரீட் முதலீட்டுக் கம்பெனியின் அதிபர். அவர் இன்னொரு ஆணை மணந்து குழந்தைகளோடு வாழ்பவர். அவரை யாரும் வாசலில் தடுக்கவில்லை. அதே நாள், அதே டிரம்ப், திருநர்கள் பட்டாளத்தில் இருக்கத் தகுதியற்றவர்கள் என்று உத்தரவில் கையெழுத்திட்டார். கோடீசுவரருக்குக் கஜானாச் சாவி. மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்க்குக் கல்தா! அமெரிக்கப் பட்டாளம் ஊரூராய்ப் போய் என்ன செய்கிறது என்பதை நாம் அறிவோம். அதில் சேருவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம். ஆனால் அந்நாட்டு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காலேஜ் படிப்பும் வைத்திய வசதியும் கிடைக்கிற வழி பெரும்பாலும் அதுவாக இருக்கிறது. அந்த வழியை அடைத்தவர்கள் வேறு வழி ஒன்றும் திறக்கவில்லை.

லிபரல் வாக்காளரிடம் நாம் ஒரு கணக்கைக் காட்ட விரும்புகிறோம். 2021 மார்ச் 5ந் தேதி, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் யோசனை ஸெனட்டில் ஓட்டுக்கு வந்தது. 2009 முதல் அது 7 டாலர் 25 ஸெண்டில் நிற்கிறது. ஆதரவு 42, எதிர்ப்பு 58. எதிர்த்தவர்களில் 8 பேர் டெமாக்ரடிக் அணியினர். 2024ல் ஓட்டளிக்க வராமல் வீட்டில் இருந்து விட்ட ஹோட்டல் தொழிலாளி, கிடங்குத் தொழிலாளி வீட்டுக்குப் போய், உங்கள் கோபம் யார் மீது என்று கேளுங்கள். அவர் அந்த 8 பேரின் பெயரை அறியாதிருக்கலாம். கூலி ஏறாததை அறிவார்.

2008 நவம்பர் 4ந் தேதி கலிபோர்னியா மக்களில் 61 சதவீதம் பேர் ஒபாமாவுக்கு ஓட்டளித்தார்கள். அதே நாள் அதே மாநிலத்தில் 52 சதவீதம் பேர் ஒருபால் மணத்துக்குத் தடை விதித்தார்கள். கட்சியின் அபேட்சகரே அந்த மணத்தை ஏற்காதபோது வாக்காளரைக் குறை சொல்வானேன்? 16 ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பர் 5ந் தேதி, கட்சி மண்ணைக் கவ்விய அதே நாள், அந்தப் பழைய தடை வாசகத்தை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்கும் ஓட்டெடுப்பும் கலிபோர்னியாவில் நடந்தது. 62 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நீக்கு என்றார்கள். கொலராடோவிலும் ஹவாயியிலும் அன்றே மக்கள் இதே மாதிரி ஓட்டளித்தார்கள். அப்போது கலிபோர்னியா கவர்னர் நியூஸம். முடிவு அவர் மேஜைக்கும் வந்திருக்கும்.